அழுதா மூக்கு ஒழுகணும்

போன வாரம் சென்னையில இருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். ரெண்டு வருஷமா என்கிட்ட கேழ்வரகு வாங்கறவர். இந்தத் தடவை ராகி பத்திப் பேசலை.

"அண்ணே, குழந்தை பொறந்து 35 நாள் ஆச்சு. இடது கண்ணுல தண்ணி நிக்கவே மாட்டேங்குது. காலையில இமை ஒட்டிக்குது. டாக்டர் பார்த்துட்டு, கண்ணீர் போற குழாய்ல அடைப்பு, மசாஜ் பண்ணுங்க, தானா சரியாயிடும்னு சொல்லிட்டார். மருந்தே குடுக்கலை. எனக்கு மனசு கேக்கலை. உங்க கிராமத்துல இதுக்கு ஏதாவது மூலிகை இருக்குமே?"

இருக்கு. ஒண்ணு இல்லை, ஏழெட்டு இருக்கு. அதுல ஒண்ணுதான் என் தம்பியோட வலது கண்ணை எடுத்துச்சு. இதைப் போன்ல அவர்கிட்ட சொல்ல வாய் வரலை. "டாக்டர் சொன்னதையே செய்ங்க தம்பி, நான் விவரமா எழுதறேன்"னு சொல்லி வெச்சுட்டேன். எழுதறேன்.

எங்க ஊர் சூளகிரிக்கும் பேரிகைக்கும் நடுவுல இருக்கு. ஒரு பக்கம் போனா கர்நாடகம், இன்னும் கொஞ்சம் தள்ளினா ஆந்திரா. எங்க வீட்டுல தமிழ், பக்கத்து வீட்டுல தெலுங்கு, பெங்களூருக்குப் பூ ஏத்திட்டுப் போனா கன்னடம். அரை ஏக்கர் பசுமைக்குடில்ல ரோஜா, ஒன்றரை ஏக்கர் தக்காளி, மேட்டு நிலத்துல மழைக்கு ராகி. மாப்பிள்ளைக்கு பொம்மசந்திரா பக்கம் ஒரு கம்பெனியில ஷிப்ட் வேலை. தலைப்பிரசவத்துக்கு மகள் எங்க வீட்டுக்கு வந்திருந்தா. 2022 ஜனவரி கடைசியில பேரன் பொறந்தான். அரசு ஆஸ்பத்திரியில சுகப்பிரசவம்.

ரோஜாக்காரனுக்கு ஜனவரி கடைசின்னா என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். காதலர் தினத்துக்குப் பூ போற நேரம். விடிய நாலு மணிக்கு வெட்ட ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் கட்டு கட்டற வேலை. அதனால பேரன் கண்ணை நான் கவனிக்கவே இல்லை. மூணாவது வாரம் என் வீட்டுக்காரம்மா சொன்னா. "ஏங்க, இவன் அழாதப்பவும் ஒரு கண்ணுல மட்டும் தண்ணி நிக்குதுங்க. காலையில பீளை கட்டி இமையே பிரிய மாட்டேங்குது."

கிட்டப் போய்ப் பார்த்தேன். வலது கண் பளிச்சுனு இருந்துச்சு. இடது கண்ணுல தண்ணி தளும்பி நின்னு கன்னத்துல வழிஞ்சுது. வெள்ளை விழியில பெருசா சிவப்பு இல்லை. இமை ஓரத்துல மஞ்சளா பீளை.

சேதி தெரு முழுக்கப் போயிடுச்சு. பக்கத்து வீட்டு அவ்வா வந்து பார்த்துட்டு, "ஏமி காதுலே"ன்னாங்க. ஒண்ணும் ஆகாதுன்னு அர்த்தம். அதோட விட்டிருந்தா சரி. விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விடுன்னாங்க. எதிர்வீட்டுல தாய்ப்பாலைப் பீய்ச்சி விடச் சொன்னாங்க. இன்னொருத்தர் நந்தியாவட்டைப் பூச்சாறு. சம்பந்தியம்மா போன்ல, வீட்டுல சுட்ட மை வெச்சா கண் குளிர்ச்சியாயிடும்னாங்க.

எல்லாரும் பேசி முடிக்கிற வரைக்கும் திண்ணையில உக்காந்திருந்த எங்கம்மா, ஒரே ஒரு வார்த்தை சொன்னாங்க. "எவளாவது குழந்தை கண்ணுல ஒரு சொட்டு விட்டீங்க, கையை ஒடிச்சுடுவேன்."

எங்கம்மா சத்தம் போட்டுப் பேசற ஆளே இல்லை. தெருவே அமைதியாயிடுச்சு. ஏன்னு எனக்கும் என் தம்பிக்கும் தெரியும்.

1979-ல எனக்குப் பத்து வயசு, தம்பிக்கு ஆறு. களத்துல ராகிக் கதிர் அடிச்சிட்டு இருந்தோம். தூத்தும்போது சுணையோ உமியோ தம்பி கண்ணுல விழுந்துச்சு. கசக்கிக் கசக்கிச் சிவந்துபோச்சு. எங்கம்மா வேலியில இருந்து ஒரு பச்சிலையைப் பறிச்சு, கசக்கி, சேலை முந்தானையில வெச்சு மூணு நாள் சாறு பிழிஞ்சு விட்டாங்க. எந்த இலைன்னு நான் எழுத மாட்டேன். நாலாம் நாள் கருவிழியில வெள்ளையா ஒரு புள்ளி. பத்து நாள்ல அது பரவி, கண்ணுல பூ விழுந்துடுச்சு. ரொம்ப நாள் கழிச்சு டவுன்ல காட்டினப்போ, கருவிழி புண்ணாகி ஆறின தழும்பு, இனி பார்வை வராதுன்னுட்டாங்க. பயிர்த் தூசி கண்ணுல கீறினாலே பூஞ்சை புகுந்துக்கும். நம்ம தெற்குச் சீமையில விவசாயிங்களுக்கு இது நிறைய வர்ற நோய். அந்தக் கீறல் மேலயே அழுக்குக் கையால சாறையும் விட்டா என்ன ஆகும்? அம்மாவுக்கு அப்ப அது தெரியாது. அவங்க அம்மா செஞ்சதைச் செஞ்சாங்க. 43 வருஷமா அந்த முந்தானையை மனசுல பிழிஞ்சுட்டே இருந்திருக்காங்க.

இப்ப என் கதைக்கு வர்றேன். பச்சிலை வேண்டாம்னு அம்மா சொன்னதும் நான் பெரிய புத்திசாலி மாதிரி டவுனுக்குப் போனேன். பூ வண்டியை இறக்கிட்டு வர்ற வழியில ஒரு மெடிக்கல்ல, "கண்ணுல பீளை, சொட்டு மருந்து குடுங்க"ன்னேன். யாருக்குன்னு அவரும் கேக்கலை, பச்சைக் குழந்தைக்குன்னு நானும் சொல்லலை. ஒரு சின்ன பாட்டில் குடுத்தார். ரெண்டு நாள் விட்டோம். பீளை குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. தண்ணி மட்டும் நிக்கலை. அப்புறம்தான் தடுப்பூசி போட வந்த செவிலியர் பார்த்துட்டு, முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு திட்டி அனுப்பினாங்க.

அரசு ஆஸ்பத்திரி கண் டாக்டர் சின்ன வயசுப் பொண்ணு. குழந்தையைப் பார்க்கறதுக்கு முன்னாடி பாட்டிலைத்தான் பார்த்தாங்க. முகம் மாறிடுச்சு.

"தாத்தா, இது யார் எழுதிக் குடுத்தது?"

"மெடிக்கல்ல கேட்டு வாங்கினேன் மேடம்."

"இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு. இதை விட்டுட்டே இருந்தா உள்ள கிருமி இருந்தா வளர்ந்துடும், கண்ணுல அழுத்தம் ஏறும், பார்வையே போகலாம். சிவப்பு குறையறதைப் பார்த்து நல்லாயிட்டு வருதுன்னு நினைச்சுக்குவீங்க."

பச்சிலைதான் கை வைத்தியம்னு நினைச்சிட்டு இருந்தேன். கேக்காம வாங்கின பாட்டிலும் அதே கை வைத்தியம்தான். எங்கம்மாவுக்குத் தெரிஞ்சது அவ்வளவு, செஞ்சாங்க. எனக்கு விசாரிக்க வழி இருந்துச்சு, இருந்தும் செஞ்சேன். ரெண்டு நாளோட போச்சு.

அப்புறம் அந்தம்மா பொறுமையா விளக்கினாங்க. எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன்.

மேல் இமையிலும் கீழ் இமையிலும், மூக்கை ஒட்டின முனையில, குண்டூசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கு. கண்ணாடி முன்னாடி நின்னு கீழ் இமையை லேசா இழுத்தா உங்களுக்கே தெரியும். கண்ணுல ஊறற தண்ணி அந்த ஓட்டை வழியா இறங்கி, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல இருக்கற ஒரு சின்னப் பையில சேர்ந்து, அங்கிருந்து ஒரு குழாய் வழியா மூக்குக்குள்ள போயிடும். அதனாலதான் அழுதா நமக்கு மூக்கு ஒழுகுது. கண்ணுல சொட்டு மருந்து விட்டா கொஞ்ச நேரத்துல தொண்டை கசக்கறதும் இதனாலதான். அம்பது வயசு தாண்டியும் எனக்கு இது தெரியாது.

குழந்தை வயித்துக்குள்ள இருக்கும்போது இந்தக் குழாயோட அடி முனை, மூக்குக்குள்ள திறக்கற இடம், மெல்லிசான ஒரு சவ்வால மூடியிருக்கும். பொறக்கற நேரத்துக்குள்ள அது தானா திறந்துடணும். சில குழந்தைகளுக்குத் திறக்காம நின்னுடும். நூறு குழந்தையில அஞ்சாறு பேருக்காவது இது வருதாம். இன்னும் அதிகம்னு சொல்ற கணக்கும் இருக்கு. பொறந்த முதல் சில வாரம் கண்ணீர் அதிகமா சுரக்காது. அதனால அடைப்பு உடனே தெரியாது. சுரக்க ஆரம்பிச்சதும் போக வழியில்லாம வெளியே வழியும். தேங்கின தண்ணியில பீளை கட்டும்.

நான் உடனே சொன்னேன், "மேடம், எண்ட் கேப் கழட்டாத லேட்டரல் மாதிரி." டாக்டருக்குப் புரியலை. சொட்டுநீர் போட்டவங்களுக்குப் புரியும். தோட்டத்துல பரப்பின குழாயோட கடைசி முனையில மூடி போட்டிருப்போம். அதைத் திறந்துவிட்டு அலசலைன்னா உப்பும் பாசியும் குழாய்லயே தேங்கும். பேரனுக்கும் அந்தக் கடைசி மூடிதான் கழண்டுக்கலை.

அடுத்து ரொம்ப நாளா தொண்டையில நின்ன கேள்வியைக் கேட்டேன். "மேடம், நாங்க ரோஜாவுக்கு வாரம் ரெண்டு தடவை மருந்து அடிக்கிறோம். மகள் கர்ப்பமா அந்தப் பக்கம்தான் நடந்துட்டு இருந்தா. அதனால இருக்குமா? இல்லை, ரோட்டுல லாரித் தூசி, கம்பெனிப் புகை?"

இந்தச் சந்தேகத்தை நான் வீட்டுல யார்கிட்டயும் சொல்லலை. ராத்திரியில அதைத்தான் நினைச்சுட்டுப் படுத்திருந்தேன்.

"தூசினால வந்தா ரெண்டு கண்ணுலயும் எரிச்சல் இருக்கும். இது பிறவியிலேயே திறக்காத சவ்வு. யார் மேலயும் தப்பு இல்லை தாத்தா. ஆனா மருந்து அடிச்ச கையோட குழந்தையைத் தூக்காதீங்க, அது தனி விஷயம்"னாங்க.

வெளியே வந்து மரத்தடியில கொஞ்ச நேரம் உக்காந்துட்டுத்தான் பஸ் ஏறினேன்.

வைத்தியம் என்னன்னா, விரல்தான். 1923-ல கிரிக்லர்னு ஒரு அமெரிக்க டாக்டர் எழுதி வெச்ச முறை. நூறு வருஷம் ஆகியும் இன்னைக்கும் அதேதான் முதல் வைத்தியம். நகத்தை ஒட்ட வெட்டி, கையை சோப்புப் போட்டுக் கழுவணும். ஆள்காட்டி விரல் நுனியைக் கண்ணோட உள் முனைக்கும் மூக்கு எலும்புக்கும் நடுவுல வெக்கணும். எலும்பு தட்டுப்படற மாதிரி அழுத்தி, அப்படியே மூக்கோரமா கீழே இழுக்கணும். ஒரு வேளைக்குப் பத்து தடவை, ஒரு நாளைக்கு மூணு நாலு வேளை. பால் குடுக்கற நேரத்தோட சேர்த்துக்கிட்டா மறக்காது. கண் உருண்டை மேல விரல் படவே கூடாது.

இதைத் தடவிக் குடுக்கறதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. மேலாகத் தோலைத் தடவினா ஒண்ணும் நடக்காது. பையில தேங்கின தண்ணியை மேலிருந்து அழுத்தி, அந்த அழுத்தம் குழாய் வழியா இறங்கி அடியில இருக்கற சவ்வைத் தள்ளணும். அதுக்குத்தான் இது. அழுத்தும்போது கொஞ்சம் பீளை மேல வரும். பயப்படக்கூடாது. கொதிக்க வெச்சு ஆறின தண்ணியில சுத்தமான பஞ்சை நனைச்சு, மூக்குப் பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா ஒரு இழுப்பு. அந்தப் பஞ்சைப் போட்டுட்டு அடுத்த தடவைக்கு வேற பஞ்சு. பச்சையாவோ மஞ்சளாவோ பீளை நிறைய வந்தா மட்டும், டாக்டர் எழுதிக் குடுத்த சொட்டு மருந்து சில நாள். அந்த மருந்து கிருமிக்குத்தான், அடைப்பைத் திறக்காது.

யார் கையால செய்யறதுன்னு வீட்டுல பேச்சு வந்துச்சு. டாக்டர் என் கையைப் பார்த்துட்டு அங்கேயே சிரிச்சுட்டாங்க. ரோஜா முள் குத்திக் குத்திக் காய்ச்சுப்போன விரல். பத்து வருஷமா மருந்து கலக்கற கை. எனக்குத் தடை. மகள்தான் செஞ்சா. முதல் வாரம் அவளும் அழுதா, அவனும் அழுதான். எங்கம்மா பக்கத்துல உக்காந்து ஒண்ணு, ரெண்டுனு பத்து வரைக்கும் எண்ணுவாங்க. எனக்குக் குடுத்த வேலை, தினம் தண்ணி கொதிக்க வெச்சு மூடி வெக்கறது.

எங்க தெருவுலயே லாரி ஓட்டற தம்பியோட பெண்குழந்தைக்கும் இதே பிரச்சனை. அதே மசாஜ். நாலாவது மாசம் ஒரு நாள் நின்னது, அப்புறம் வரவே இல்லை. பத்துக் குழந்தையில ஒன்பது குழந்தைக்கு ஒரு வயசுக்குள்ள இப்படித் திறந்துடுமாம். எங்க பேரன் அந்தப் பத்தாவது ஆள்.

அஞ்சாவது மாசம் மகள் பொம்மசந்திராவுக்குத் திரும்பிப் போனா. அங்க ஒரே ரூம், மாப்பிள்ளைக்கு ராத்திரி ஷிப்ட் வந்தா பகல்ல தூங்கணும், குழந்தை அழக் கூடாது. அப்படியும் மசாஜை விடலை. சாயந்திர வேளை மட்டும் வீடியோ கால்ல எங்கம்மா எண்ணுவாங்க.

எட்டாவது மாசம் சம்பந்தி வீட்டுல பொறுமை போயிடுச்சு. "எட்டு மாசமா விரலை வெச்சு அழுத்திட்டு உக்காந்திருக்கீங்க. பெங்களூர்ல கம்பி விட்டு அஞ்சு நிமிஷத்துல எடுத்துடறாங்களாம், பணம் நாங்க கட்டறோம்." எங்க வீட்டுக்காரம்மாவோ, பச்சைக் குழந்தைக்கு மயக்க மருந்தா, கண்ணுல கம்பியா, வேண்டவே வேண்டாம்னு ஒரே பிடி. அவங்க சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு, இவ பயத்துலயும் நியாயம் இருந்துச்சு.

மாப்பிள்ளை நிதானமான பையன். பெங்களூர்ல ஒரு கண் ஆஸ்பத்திரியில குழந்தைகளுக்குன்னே இருக்கற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் நேரடியாக் கேட்டார். அந்த டாக்டர் சொன்னது இது. அமெரிக்காவுல இதே கேள்விக்கு ஒரு ஆய்வு நடந்து 2012-ல முடிவு வந்திருக்கு. ஆறுல இருந்து பத்து மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைகளுக்கு உடனே கம்பி விடாம மசாஜோட காத்திருந்தா, மூணுல ரெண்டு கண் அடுத்த ஆறு மாசத்துல தானா திறந்திருக்கு. சில டாக்டருங்க ஆறு மாசத்துலயே மயக்க மருந்து இல்லாம செய்யறாங்க, அதுவும் தப்பில்லை. ஆனா திரும்பத் திரும்பக் கிருமி பிடிக்கலைன்னா ஒரு வயசு வரைக்கும் பொறுக்கலாம். அதைத் தாண்டியும் நிக்கலைன்னா தள்ளிப் போட வேண்டாம்.

நான் விவசாயி. காத்திருக்கறது எனக்குத் தெரியும்னுதான் நினைச்சிருந்தேன். ராகி விதைச்சுட்டு மேகத்தைப் பார்க்கறவன் நான். ஆனா சும்மா இருக்கறது வேற, பொறுத்திருக்கறது வேற. விதைச்சவன் களை எடுத்துக்கிட்டே காத்திருப்பான். பேரன் விஷயத்துலயும் ஒரு நாளைக்கு நாலு வேளை விரல் வெச்சுக்கிட்டேதான் காத்திருந்தோம். எதுக்குக் காத்திருக்கோம், எப்ப வரைக்கும், எது வந்தா ஓடணும்னு தெரிஞ்சிருந்ததால பொறுக்க முடிஞ்சுது.

முதல் பொறந்தநாள் வந்துச்சு. போட்டோல பார்த்தா கேக் வெட்டும்போதும் இடது கன்னத்துல ஒரு கோடு மின்னுது. மறுபடியும் ரோஜா சீசன். அது முடிஞ்சு, 2023 மார்ச்ல நாள் குறிச்சோம்.

அன்னைக்குப் பெரிய கஷ்டம் பட்டினிதான். மயக்க மருந்து குடுக்கறதுக்கு ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி திட உணவு கூடாது, நாலு மணி நேரத்துக்கு முன்னாடி தாய்ப்பால் கூடாது. பதிமூணு மாசக் குழந்தைக்கு இதை யார் சொல்லிப் புரிய வெக்கறது? விடிய மூணு மணிக்கு எழுப்பிப் பால் குடுத்தா. முந்தின ராத்திரியே நாங்க அங்க போயிட்டோம், காலையில அத்திப்பள்ளி டிராபிக்ல மாட்டினா அவ்வளவுதான்னு. ஆஸ்பத்திரி பெஞ்சுல என் தோள் மேல படுத்து என் காதைக் கடிச்சுக்கிட்டே இருந்தான்.

உள்ள கொண்டு போனாங்க. மகள் சுவத்தைப் பார்த்து நின்னா. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மயக்கம் குடுக்கறது, தெளியறது எல்லாம் சேர்த்து அரை மணிக்கு மேல ஆச்சு. கம்பி விட்ட வேலை சில நிமிஷம்தான். தையல் இல்லை, வெளியில வெட்டு இல்லை. மொண்ணை முனையில மெல்லிசான கம்பி, இமையில இருக்கற அந்தச் சின்ன ஓட்டை வழியா இறங்கி, அடிச் சவ்வைத் திறந்துட்டு வந்துடும். அப்புறம் மஞ்சள் சாயம் கலந்த தண்ணியை மேல விட்டு, மூக்குல வருதான்னு பார்ப்பாங்களாம். வந்துச்சுன்னாங்க. பத்துல எட்டு குழந்தைக்கு முதல் தடவையே சரியாயிடும். மீதிப் பேருக்கு மறுபடியும் செய்யணும், இல்லைன்னா சிலிக்கான்ல ஒரு சின்னக் குழாயைக் கொஞ்ச மாசம் உள்ள வெக்கணும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க.

மயக்கம் தெளிஞ்சதும் அழுதான் பாருங்க, அப்படி ஒரு அழுகை. என் வீட்டுக்காரம்மா அவனை வாரி நெஞ்சோட சேர்த்து, தட்டிக் குடுத்து, எப்படியாவது நிறுத்தப் பார்த்தா. அங்க இருந்த நர்ஸ் அம்மா, "அளலி பிடி, அளலி பிடி"ன்னாங்க. இவ ஊத்தங்கரைப் பக்கத்துக்காரி, கன்னடம் வராது. பிடின்னு கேட்டதும் இன்னும் இறுக்கிப் பிடிச்சா. நர்ஸ் மறுபடியும் "பிடி அம்மா"ங்க, இவ இன்னும் இறுக்க, குழந்தை வீறிட்டான். நான்தான் சொன்னேன், "அடியே, கன்னடத்துல பிடின்னா விடுன்னு அர்த்தம். அழட்டும், விடுங்கறாங்க."

விட்டா. அழுதான். இடது மூக்குல மஞ்சளா, லேசா ரத்தம் கலந்து ஒழுகிச்சு. ஒரு நாள் அப்படி வரும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. கன்னத்துல மட்டும் ஒண்ணும் வழியலை. பதிமூணு மாசத்துல அந்தப் பக்கம் மூக்கு ஒழுகி அன்னைக்குத்தான் பார்த்தோம். மகள் அதைத் துடைக்காம பார்த்துக்கிட்டே நின்னா.

தம்பி, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். உங்க டாக்டர் மருந்து குடுக்காம அனுப்பினது அலட்சியம் இல்லை. விரல்தான் மருந்து. எண்ணெய், பால், பூச்சாறு எதுவும் அந்தச் சவ்வுகிட்டப் போய்ச் சேராது, கருவிழியிலதான் படும். மை வெக்காதீங்க, சில மையில ஈயம் இருக்கு, அது குழந்தைக்கு விஷம். வீட்டு அலமாரியில மிச்சம் இருக்கற கண் மருந்தையும் தொடாதீங்க.

ஆனா காத்திருக்கக் கூடாத நேரமும் இருக்கு. பொறந்த முதல் மாசத்துக்குள்ள கண் சிவந்து, இமை வீங்கி, சீழ் கொட்டினா அது வேற தொற்று, அன்னைக்கே ஓடணும். கண்ணோட உள் முனையில நீலமாவோ சிவப்பாவோ வீங்கி நின்னா, அதோட காய்ச்சல் வந்தா, அன்னைக்கே. குழந்தை வெளிச்சத்தைப் பார்க்க முடியாம முகத்தைத் திருப்பினா, கருவிழி பெருசாவோ மங்கலாவோ தெரிஞ்சா, அது குழாய் அடைப்பா இல்லாம கண் அழுத்த நோயா இருக்கலாம். அதுலயும் கண்ணீர்தான் வழியும். அது காத்திருந்தா பார்வையை எடுத்துடும். அதனால எந்தக் கண்ணீருக்குப் பொறுக்கலாம், எதுக்குப் பொறுக்கக் கூடாதுன்னு ஒரு தடவை கண் டாக்டர் பார்த்துச் சொல்லணும். உங்க குழந்தையைப் பார்த்துட்டார். பாதி பாரம் இறங்கிடுச்சுன்னு வெச்சுக்குங்க.

நேத்து சாயந்திரம் தக்காளி ஏத்திட்டு இருந்தோம். இப்ப நல்லா ஓடறான் பேரன், லீவுக்கு வந்திருக்கான். காலி கிரேட் மேல ஏறி நின்னவன் சரிஞ்சு விழுந்து ஒரு மூச்சு அழுதான். ரெண்டு கண்ணுலயும் தண்ணி, ரெண்டு மூக்கும் ஒழுகுது. என் தம்பி ஓடி வந்து தூக்கி, தோள் துண்டால மூக்கைத் துடைக்கப் போனான்.

திண்ணையில இருந்து அம்மா சத்தம் வந்துச்சு. "இருடா, கொஞ்சம் ஒழுகட்டும்."